பழைய டியூப் லைட்டை எல்.ஈ.டி.க்கு மாற்றுவது: சோக்கையும் ஸ்டார்ட்டரையும் என்ன செய்வது?

ஹாட்வெயார் கடையில் நாலடி எல்.ஈ.டி. டியூப் ஒன்று கேட்டால், “பழையதைக் கழற்றிப்போட்டு இதைப் பூட்டுங்கோ, வேலை முடிஞ்சுது” என்று சொல்லித் தருவார்கள். சந்தையில் கிடைக்கும் மூன்று வகையில் ஒரு வகைக்கு அது கிட்டத்தட்டச் சரி. மற்ற இரண்டுக்கும் சரிவராது. ஒன்று எரியாமலே கிடக்கும். மற்றது மினுங்கி மினுங்கி, ஸ்டார்ட்டர் (பழைய டியூபைப் பற்றவைக்கும் குப்பி) எழுப்பும் அடியில் உள்ளே இருக்கும் ட்ரைவரை (எல்.ஈ.டி.க்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் சின்னச் சேர்க்கிட்டை) பழுதாக்கிக்கொள்ளும். ஆகவே கையில் இருக்கும் டியூப் எந்த வகை என்று தெரிந்துகொள்வதுதான் இந்த வேலையில் பெரிய பங்கு. மிச்சம் நாலு ஸ்குரூவும் இரண்டு கனெக்டரும்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் தன் வீட்டிலோ சின்னக் கடையிலோ இதை முதல் தடவை செய்யப் பார்ப்பவருக்காக எழுதுகிறேன். மெயின் சுவிட்ச் எது, எர்த் வயர் எது என்று தெரியாதவர் ஏணியில் ஏற வேண்டாம், என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் உள்ள வயர்மேன் ஒருவரைப் பிடியுங்கள். அப்போதும் இதை வாசித்து வைத்தால் நல்லது. அவர் ஸ்டார்ட்டர் ஹோல்டரை அப்படியே விட்டுவிட்டுப் போகிறாரா என்று கீழே நின்று பார்க்கலாம்.

எவ்வளவு மிச்சம்?

நாலடி டியூபில் 36 வாட் என்று போட்டிருக்கும். அது டியூபின் கணக்கு மட்டும். பழைய இரும்புச் சோக் (டியூபுக்குப் போகும் கரண்டை மட்டுப்படுத்தும் சுருள்) தனியாக ஒரு 8, 10 வாட்டைச் சூடாக்கி வீணாக்கும். இரண்டும் சேர்ந்தால் 45 வாட் அளவில் வரும். அதே இடத்துக்கு 18 வாட் எல்.ஈ.டி. போதும். ஒரு லைட்டில் 27 வாட் மிச்சம். நாளுக்கு 5 மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு 4 யூனிட். நாலு லைட் உள்ள வீட்டில் 16 யூனிட்.

16 யூனிட் என்றால் சிரிப்பு வரலாம். ஆனால் மின்சார சபையின் வீட்டுக் கட்டணம் படிபடியாக ஏறுவது: 60, 90, 120, 180 என்று எல்லை தாண்டத் தாண்ட யூனிட் விலையும் மாதாந்த நிலையான கட்டணமும் கூடிக்கொண்டு போகும். மாதம் 100 யூனிட் ஓடும் வீடு 84க்கு இறங்கினால் ஒரு படியே இறங்குகிறது. அந்த வித்தியாசம் பில்லில் தெரியும். கடைக்காரருக்கு இன்னும் லாபம். 20 டியூப், நாளுக்கு 12 மணித்தியாலம், மாதம் 26 நாள் என்று பார்த்தால் 168 யூனிட் குறையும். காத்தான்குடியிலும் கல்முனையிலும் புடைவைக் கடைகளுக்குள் நின்று மேலே பார்த்து எண்ணினால் 20 என்பது சின்னக் கணக்கு.

இன்னொரு காரணமும் உண்டு: பழைய டியூபுக்குள் பாதரசம் இருக்கிறது. பாதரசம் சம்பந்தமான மினமாட்டா ஒப்பந்தத்தில் இலங்கையும் இருக்கிறது. 2023 இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள், நீள டியூப் லைட்டுகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்துவதென்று தீர்மானித்தன. இனிப் பழைய டியூப் தேடி அலைவதில் அர்த்தமில்லை.

மாற்றத்தான் வேண்டுமா, புதிது பூட்டலாமா?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. எழுவான்கரைப் பக்கம், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீடு என்றால் முதலில் பழைய பிட்டிங்கின் (டியூபைத் தாங்கும் தகட்டுச் சட்டத்தின்) மூடியைக் கழற்றிப் பாருங்கள். உப்புக் காற்று பட்ட தகடு பொருக்குப் பொருக்காக எழும்பியிருக்கும். ஹோல்டருக்குள் இருக்கும் செப்புக் கிளிப் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். டியூபின் பின் உட்காரும் இடத்தைச் சுற்றி மண்ணிறமாகக் கருகியிருந்தாலோ, டியூபைத் திருப்பும்போது ஹோல்டர் நொறுநொறுவென்று உதிர்ந்தாலோ, அதில் புது டியூப் பூட்டுவது காசுக்குக் கேடு. சோக்கும் ஸ்டார்ட்டரும் இல்லாத, எல்.ஈ.டி.க்கென்றே செய்த புது பிட்டிங் மலிவாகவே கிடைக்கிறது. தகட்டோடு கழற்றிவிட்டு அதைப் பூட்டுங்கள். லைவ், நியூட்ரல், எர்த் என்று மூன்று வயர்தான் வரும்.

தகடு உறுதியாக, ஹோல்டர் இறுக்கமாக இருந்தால் மாற்றலாம். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரம் கட்டிக் கொடுத்த வீடுகளில் பூட்டிய பிட்டிங்குகளுக்கு இப்போது இருபது வயதளவில் இருக்கும். கடலை ஒட்டிய ஊர்களில் அவற்றை நம்பி வேலை தொடங்க வேண்டாம் என்பதே என் எண்ணம். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம், கொக்கட்டிச்சோலை, வவுணதீவில் அதே வயதுள்ள தகடு நல்லபடி இருக்க வாய்ப்பு அதிகம். அலுவலகம், பாடசாலை, பள்ளிவாசல் போன்ற இடங்களில் ஒரே மாதிரி பிட்டிங் ஐம்பது அறுபது இருக்கும். அங்கே மாற்றுவதுதான் கட்டுப்படி.

உங்களிடம் இருப்பது என்ன?

மேலே பார்த்தே இரண்டு விஷயத்தை அறியலாம். முதலாவது தடிப்பு. ஒரு அங்குலத் தடிப்பு (26 மில்லிமீட்டர்) என்றால் டி8. அதைவிடத் தடித்த, ஒன்றரை அங்குலப் பழைய டியூப் டி12. இரண்டுக்கும் பின் இடைவெளியும் நீளமும் ஒன்றுதான், ஆகவே இன்றைய எல்.ஈ.டி. டி8 டியூப் இரண்டிலும் உட்காரும். சுட்டுவிரல் தடிப்பில் ஒல்லியாக இருந்தால் அது டி5. அதன் பின்களும் நெருக்கம், நீளமும் நாலடியை விடக் கொஞ்சம் குறைவு. அதில் டி8 பூட்ட முடியாது. முழு பிட்டிங்கையும் மாற்றுங்கள்.

இரண்டாவது, ஸ்டார்ட்டர். பக்கத்தில் விரல் கட்டை போல ஒரு வெள்ளைக் குப்பி செருகியிருந்தால் உள்ளே இருப்பது இரும்புச் சோக். போட்டதும் இரண்டு மூன்று தரம் கண்சிமிட்டி எரியும், பக்கத்தில் நின்றால் ‘ம்ம்’ என்று இரையும். ஸ்டார்ட்டர் இல்லாமல் போட்ட உடனே பிடித்து எரிந்தால் எலக்ட்ரோனிக் சோக். அதை எந்தச் சந்தர்ப்பத்திலும் கழற்றித்தான் ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு சேர்த்து எரியக்கூடிய எல்.ஈ.டி. டியூப்களும் உண்டுதான். ஆனால் எந்தச் சோக்குக்கு எந்த டியூப் பொருந்தும் என்ற பட்டியலைத் தேடிக்கொண்டிருக்க நமக்கு நேரமில்லை.

கடையில் பார்த்து வாங்குவது

பெட்டியின் பக்கத்தில், இல்லாவிட்டால் டியூபிலேயே, ஒரு வயரிங் படம் அச்சடித்திருக்கும். அது இல்லாத டியூபை வாங்காதீர்கள். படத்தில் காண்பது இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

ஸ்டார்ட்டரோடு வருவது: பெட்டிக்குள் டியூபோடு ஒரு எல்.ஈ.டி. ஸ்டார்ட்டரும் இருக்கும். இதற்குத்தான் கடைக்காரர் சொன்ன ‘கழற்றிப் பூட்டு’ பொருந்தும். இரும்புச் சோக் அப்படியே இருக்கலாம், ஸ்டார்ட்டரை மட்டும் மாற்ற வேண்டும்.

இரண்டு பக்கக் கரண்ட்: ஒரு முனைக்கு லைவ், மறு முனைக்கு நியூட்ரல்.

ஒரு பக்கக் கரண்ட்: லைவும் நியூட்ரலும் ஒரே முனையின் இரண்டு பின்களுக்கு. மறு முனை டியூபைத் தாங்குவதற்கு மட்டும்.

பிறகு மற்ற விவரங்கள். வோல்ட் எல்லை அகலமாக இருப்பதைப் பாருங்கள், 100 முதல் 265 வரை என்பது போல. லைன் நீண்டு போகும் கிராமத்தில், பின்னேரம் எல்லா வீட்டிலும் லைட்டும் தண்ணி மோட்டரும் ஓடும் நேரத்தில் 230 என்பது பெயருக்குத்தான். பழைய டியூப் கண்சிமிட்டிக்கொண்டே பிடிக்காமல் கிடந்த வீடுகளில் அகல எல்லை உள்ள எல்.ஈ.டி. சலனமில்லாமல் எரியும். வெளிச்சத்தை வாட்டில் அளக்காமல் லூமெனில் பாருங்கள்: நாலடிக்கு 1,800 அளவு இருந்தால் அறைக்குப் போதும். பழைய டியூபுக்கு எழுத்தில் இதைவிடக் கூட இருக்கும். ஆனால் அதில் பாதி கூரைக்கும் சிலந்தி வலைக்கும் போனது. எல்.ஈ.டி. கீழ்நோக்கி அடிப்பதால் மேசையில் வெளிச்சம் குறையாது. கூரை மட்டும் முன்பைவிட இருண்டு தெரியும்.

நிறம் உங்கள் விருப்பம், ஆனால் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். 6500 கெல்வின் என்றால் நீலம் கலந்த வெள்ளை. நம் ஊர்க் கடைகளில் கேட்காமலே தருவது இதைத்தான். 4000 இதமான வெள்ளை, 3000 மஞ்சள். படுக்கையறைக்கு 6500 பூட்டிவிட்டு ‘ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு’ என்று குறைப்படுபவர்கள் நிறைய. மருதமுனையில் தறி வைத்திருப்பவர், தையற்காரர், புடைவை விற்பவர் ஆகியோர் கெல்வினோடு சேர்த்து நிறத் துல்லியச் சுட்டெண்ணையும் (பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று இருக்கும்) கேளுங்கள். 80க்குக் கீழே போனால் கருநீல நூலும் கறுப்பு நூலும் லைட்டில் ஒன்றாகத் தெரியும், விடிந்த பிறகுதான் வேறு வேறு.

கடையிலேயே எரியவிட்டு, போன் கமெராவைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் தடிப்பாக ஓடினால் அந்த டியூப் கண்ணுக்குத் தெரியாமல் மினுங்குகிறது. விறாந்தைக்கு அது பரவாயில்லை. அரிசி ஆலை, தச்சுப் பட்டறை போல சுழலும் சக்கரம் உள்ள இடத்துக்கு வேண்டவே வேண்டாம்: ஓடும் சில்லு நிற்பது போலத் தெரியக்கூடும்.

கரண்டை நிறுத்துவது

சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு வேலை தொடங்குவது நம் ஊர்ப் பழக்கம், கெட்ட பழக்கம். பழைய வயரிங்கில் சுவிட்ச் லைவை வெட்டாமல் நியூட்ரலை வெட்டும்படி பூட்டிய வீடுகள் இருக்கின்றன. அங்கே சுவிட்ச் அணைந்திருக்கும், லைட்டும் அணைந்திருக்கும், பிட்டிங்குக்குள் லைவ் நிற்கும். மெயின் சுவிட்சையே அணையுங்கள். பகலில் வேலை செய்யுங்கள், அப்போதுதான் முழு வீட்டையும் அணைக்க மனம் வரும்.

2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்துக்குப் பிறகு இன்வேர்ட்டரும் பற்றரியும் வைத்த கடைகளும் வீடுகளும் கூடிவிட்டன. மெயினை அணைத்தால் அது ‘கரண்ட் போய்விட்டது’ என்று எண்ணி லைட் லைனுக்குத் தானே கரண்ட் தரத் தொடங்கும். இன்வேர்ட்டரையும் அணைத்து, லைனிலிருந்து பிரித்துவிடுங்கள்.

அப்புறம் டெஸ்டர். முதலில் கரண்ட் இருக்கும் ஒரு பிளக்கில் வைத்து டெஸ்டர் எரிகிறதா என்று பாருங்கள். மெயினை அணைத்து, பிட்டிங்கின் கனெக்டரில் எல்லா வயரையும் தொட்டுப் பாருங்கள். மெயினைப் போட்டுப் பிளக்கில் மறுபடியும் ஒருமுறை பார்த்துவிட்டு அணையுங்கள். செத்த டெஸ்டரை நம்பிக் கை வைத்தவர்களின் கதை எல்லா ஊரிலும் உண்டு. மல்ட்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. மெயின் போர்டுக்குப் பக்கத்தில் யாரையாவது நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ‘ஆள் மேலே, போடாதே’ என்று ஒட்டிவிடுங்கள். பாதி வேலையில் “என்ன மகன், கரண்ட் இல்லையா?” என்று கேட்டுக்கொண்டே மெயினைப் போடுகிறவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

வேறு தேவையானவை: மர ஏணி அல்லது உறுதியான மேசை (பிளாஸ்டிக் கதிரை வேண்டாம்), ஸ்குரூ டிரைவர் இரண்டு அளவில், குறடு, கனெக்டர் துண்டுகள், இன்சுலேஷன் டேப், உப்புத்தாள், ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், மாக்கர் பேனா.

பிட்டிங்கைத் திறப்பது

டியூபைக் கால் சுற்றுத் திருப்பி, நேராகக் கீழே இறக்குங்கள். வராவிட்டால் இழுக்காதீர்கள், மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். கழற்றிய டியூபைச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டாம், உருண்டு விழும். புது டியூப் வந்த உறைக்குள்ளேயே பழையதைப் போட்டு, தரையில் சுவரோரமாகப் படுக்க வையுங்கள்.

ஸ்டார்ட்டரைத் திருப்பி எடுங்கள். தகட்டு மூடியைக் கழற்றுங்கள். உள்ளே குளவி மண்கூடும் பல்லி முட்டையும், மாரியில் விழுந்த ஈசலின் இறகும் ஒரு கை நிறைய வரும். கண்ணை மூடிக்கொண்டு திறப்பது நல்லது. பிரஷால் தட்டிவிடுங்கள். எறும்பு வரிசை இருந்தால் அது வரும் ஓட்டையை அடையுங்கள். ஹோல்டர் கிளிப்புக்குள் நசிந்த எறும்பு கரண்ட் தொடுகையைக் கெடுக்கும்.

இப்போது வயர்களைப் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஓட்டம் இதுதான்: வீட்டு லைவ் கனெக்டருக்கு வந்து, சோக்கினூடாக ஒரு ஹோல்டரின் ஒரு பின்னுக்குப் போகும். அந்த ஹோல்டரின் மற்றப் பின்னிலிருந்து ஸ்டார்ட்டருக்கு. ஸ்டார்ட்டரின் மறுபக்கத்திலிருந்து அடுத்த ஹோல்டரின் ஒரு பின்னுக்கு. அதன் மற்றப் பின்னிலிருந்து நியூட்ரலுக்கு. பழைய வீட்டில் லைவ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. புதிதில் மண்ணிறம், நீலம், பச்சை மஞ்சள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், வயர் பூட்டியவர் கையில் அன்று எந்த நிறம் மிஞ்சியதோ அது போயிருக்கலாம்.

கடை, அலுவலகப் பிட்டிங்குகளில் உருளையாக ஒரு கப்பாசிட்டர் லைவுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே பூட்டியிருக்கும். மெயின் அணைந்த பிறகும் அது சிறிது நேரம் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். கொஞ்சம் பொறுத்து, மீட்டரால் பார்த்துவிட்டு வெட்டி எடுத்துவிடுங்கள். எல்.ஈ.டி.க்கு அது தேவையில்லை. எண்ணெய் கசிந்த மிகப் பழைய கப்பாசிட்டர் என்றால் வெறுங்கையால் தொடாதீர்கள். அந்தக் காலத்து எண்ணெயில் பி.சி.பி. என்ற நச்சு இருக்கக்கூடும்.

இரண்டு பக்கக் கரண்ட் டியூபுக்கு வயரிங்

சோக்குக்குப் போகும் வயர் இரண்டையும் கழற்றுங்கள். இரண்டையும் ஒரு கனெக்டரில் சேர்த்து இறுக்கினால் சோக் ஒதுங்கிவிடும், லைவ் நேராக ஹோல்டருக்குப் போகும். முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம். இங்குள்ள ஈரத்துக்கும் உப்புக்கும் டேப்பின் பசை வெகுநாள் தாங்காது. சோக்கையும் கழற்றி எடுத்துவிடுங்கள், பிட்டிங்கின் பாரமும் பாதியாகும்.

அடுத்தது பலரும் விடும் இடம். ஸ்டார்ட்டர் ஹோல்டரைச் சும்மா விடாதீர்கள். இரண்டு பக்கக் கரண்ட் டியூபில் ஒவ்வொரு முனையிலும் இரண்டு பின்களும் உள்ளே இணைந்திருக்கும். ஸ்டார்ட்டர் ஹோல்டரும் வயரும் அப்படியே இருந்தால், அதன் ஒரு பக்கத்தில் லைவ், மறுபக்கத்தில் நியூட்ரல் நிற்கிறது. பிறகு யாராவது ‘லைட் எரியவில்லையே, ஸ்டார்ட்டர் இல்லைப் போல’ என்று பழைய ஸ்டார்ட்டர் ஒன்றைச் செருகினால், அது சூடேறித் தன் முனைகளை ஒட்டும் கணத்தில் முழு ஷோர்ட். நடுவில் கரண்டை மட்டுப்படுத்தச் சோக்கும் இல்லை. ஆகவே அந்த ஹோல்டரை வயரோடு பிடுங்கி எறியுங்கள்.

கடைசியில் பிட்டிங்குக்குள் மிஞ்சுவது: ஒரு ஹோல்டருக்கு லைவ், மறு ஹோல்டருக்கு நியூட்ரல், தகட்டுக்கு எர்த்.

இந்த வகையில் கவனம் ஒன்று தேவை. லைன் உயிரோடு இருக்கும்போது ஒரு முனையை மட்டும் செருகினால், மலிவு டியூபில் மறு முனைப் பின்னில் கரண்ட் வரலாம், அந்த முனை உங்கள் கையில் இருக்கும். டியூபைப் பூட்டும்போதும் கழற்றும்போதும் மெயின் அணைந்தே இருக்க வேண்டும், அடுத்த வருடம் மாற்றும்போதும்.

ஒரு பக்கக் கரண்ட் டியூபுக்கு வயரிங்

சோக், ஸ்டார்ட்டர் ஹோல்டர் இரண்டையும் முன்போலக் கழற்றுங்கள். கரண்ட் வரும் ஹோல்டரில் ஒரு பின்னுக்கு லைவ், மற்றதுக்கு நியூட்ரல். மறு ஹோல்டருக்கு வயரே வேண்டாம்.

லைவ், நியூட்ரலை இணைக்கும் முன் அந்த ஹோல்டரின் இரண்டு கிளிப்பும் உள்ளே தொடுகையில் இல்லை என்று மீட்டரால் உறுதிசெய்யுங்கள். நம் நாட்டுப் பழைய ஹோல்டர்களில் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒன்றாக இருந்தால் போட்டதும் ஷோர்ட்.

டியூபின் ஒரு முனையில் ‘எல்’, ‘என்’ என்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். அந்த முனைதான் வயர் உள்ள ஹோல்டருக்கு வர வேண்டும். மாறிப் பூட்டினால் நல்ல காலம் என்றால் எரியாது. மறு முனைப் பின்கள் உள்ளே இணைந்த டியூப் என்றால் ஷோர்ட்டாகி பிரேக்கர் விழும். தகட்டில் அந்த முனைக்கு நேரே மாக்கரால் பெரிதாக ஒரு அம்புக்குறி போடுங்கள்.

இரண்டு வகையில் எது நல்லது என்று கேட்டால், கையில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஷொக் வாங்கும் ஆபத்து இல்லாததால் வீட்டுக்கு நான் ஒரு பக்க டியூபையே சொல்வேன். இருபது முப்பது பிட்டிங் உள்ள இடத்தில் இரண்டு பக்க டியூபுக்கு வேலை சுருக்கம். எதுவானாலும் ஒரு கட்டடத்துக்குள் ஒரே வகை. கலந்து பூட்டினால் பிறகு யார் எதை எதில் செருகுவார்கள் என்று சொல்ல முடியாது.

ஸ்டார்ட்டரோடு வந்த டியூப்

பழைய ஸ்டார்ட்டரை எடுத்துப் பெட்டியில் வந்ததைச் செருகுங்கள், டியூபைப் பூட்டுங்கள், போடுங்கள். சோக் ஒரு வாட் இரண்டு வாட் தின்னும், இரையும் சத்தமும் கொஞ்சம் மிஞ்சலாம். வாடகை வீட்டுக்கு இதுவே வசதி: போகும்போது பழையதைத் திரும்பப் பூட்டிவிட்டுப் போகலாம்.

இரட்டை பிட்டிங்

வகுப்பறை, அலுவலக உள்கூரைப் பிட்டிங்குகளில் ஈரடி டியூப் இரண்டோ நாலோ இருக்கும். ஒரே சோக்கில் இரண்டு ஈரடி டியூப்களை ஒன்றின் பின் ஒன்றாகத் தொடுத்திருப்பார்கள். ஸ்டார்ட்டர் இரண்டும் சோக் ஒன்றும் இருந்தால் அதுதான். இதில் சோக்கை மட்டும் ஒதுக்கினால் இரண்டு எல்.ஈ.டி.யும் கரண்டைப் பங்குபோட்டு மங்கும், மினுங்கும். உள் வயரை முழுதாகக் கழற்றி, ஒவ்வொரு டியூபுக்கும் கனெக்டரிலிருந்து தனித்தனி லைவும் நியூட்ரலும் இழுக்க வேண்டும். இதைச் செய்யும்போதே பழைய பொசுங்கிய வயரை எறிந்துவிட்டுப் புது 1/1.13 வயர் போடுங்கள்.

எர்த், ஒட்டுச் சீட்டு, போட்டுப் பார்ப்பது

எர்த் ஸ்குரூ இருக்கும் இடத்தில் பெயின்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, வெறும் உலோகம் தெரிந்த பிறகு இறுக்குங்கள். லைட் லைனுக்கு எர்த்தே இழுக்காத பழைய வீடு என்றால் தகட்டுப் பிட்டிங்கை விட்டு பிளாஸ்டிக் உடல் உள்ளதைப் பூட்டுங்கள். ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் தானே விழுவது) 30 மில்லிஅம்பியர் உள்ளதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்றும் அன்றைக்கே பாருங்கள். விழாவிட்டால் லைட் வேலை பிறகு, முதலில் அதை மாற்றுங்கள்.

மூடியைப் பூட்டும் முன் தகட்டின் உள்ளேயும் வெளியேயும் ஒட்டுங்கள்: ‘எல்.ஈ.டி. மட்டும். சோக் இல்லை. பழைய டியூப் பூட்டக் கூடாது.’ எந்த வகை, எந்தப் பக்கம் கரண்ட் என்பதையும் திகதியையும் எழுதுங்கள். ஒரு பக்க வயரிங்கில் யாராவது பழைய டியூபைப் பூட்டினால் அதன் இழைக்கு 230 வோல்ட் நேராகப் போய்ப் ‘படார்’ என்று வெடித்துத் தெறிக்கலாம்.

டியூபைப் பூட்டுங்கள், பின் இரண்டும் ஹோல்டருக்குள் ‘டக்’ என்று விழ வேண்டும். ஏணியிலிருந்து இறங்கி, பிறகு மெயினைப் போடச் சொல்லுங்கள். அரை மணித்தியாலம் எரிந்த பின் அணைத்து, ஹோல்டர் பக்கம் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் தொடுகை தளர்ந்திருக்கிறது.

எரிந்த பிறகு வரும் முறைப்பாடுகள்

சுவிட்சை அணைத்த பிறகும் இருட்டில் மங்கலாக ஒளிர்கிறது: பெரும்பாலும் மேலே சொன்ன நியூட்ரல் சுவிட்ச்தான். சுவிட்ச் அணைந்த நிலையில் ஹோல்டர் பின்னில் டெஸ்டர் எரிந்தால் சந்தேகமே இல்லை. வயர்மேனைக் கூப்பிட்டுச் சுவிட்ச் பெட்டியில் லைவுக்கு மாற்றுங்கள். அதை மாற்றாமல் டியூபை மாற்றிக்கொண்டிருப்பது வீண்.

தகரக் கூரைக்குக் கீழே பூட்டியது சீக்கிரம் போகிறது: எல்.ஈ.டி.யைக் கொல்வது சூடு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரத்துக்கு அடியில் பகல் சூடு எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. பெட்டியில் போட்டிருக்கும் 25,000 மணித்தியாலம் அந்தச் சூட்டுக்குரியது இல்லை. பிட்டிங்கைக் கூரையிலிருந்து ஒரு முழம் கீழே சங்கிலியில் தொங்கவிடுங்கள். மூடிய பிளாஸ்டிக் உறைக்குள் பூட்டாதீர்கள்.

இடி மின்னலுக்குப் பிறகு ஒரே இரவில் மூன்று டியூப் போனது: ஐப்பசி, கார்த்திகையிலும் சித்திரையிலும் பின்னேர இடியோடு லைனில் வரும் அடியை இரும்புச் சோக் தாங்கிக்கொண்டது, சின்ன ட்ரைவர் தாங்காது. மெயின் போர்டில் ஒரு சேர்ஜ் புரொடெக்டர் பூட்டலாம், அதற்கும் எர்த் சரியாக இருந்தால்தான் பயன். இடி நெருங்கும்போது மெயின் சுவிட்சையே அணைப்பது செலவில்லாத வழி. சுவர் சுவிட்ச் ஒரு வயரைத்தான் வெட்டும், அது போதாது.

கழற்றியவற்றை என்ன செய்வது

சோக் இரும்பும் செப்புக் கம்பியும். பழைய இரும்பு வாங்க வருபவர் நிறுத்து எடுத்துப் போவார். ஸ்டார்ட்டர் குப்பைக்கு.

டியூபில் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது, தடித்த பழைய டி12 இல் இன்னும் கூட. பிள்ளைகள் வாள் சண்டைக்கு எடுப்பதற்கு முன் ஒதுக்கி வையுங்கள். உடைத்துப் புதைப்பது, குப்பையோடு எரிப்பது, வாவிக்கரையில் எறிவது எதுவும் வேண்டாம். அந்த வாவி மீனைத்தான் மறுநாள் சந்தையில் வாங்குகிறோம். முழுதாக உறைக்குள் வைத்திருந்து, இலத்திரனியல் கழிவு எடுக்கும் நாளை மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ கேட்டுக் கொடுங்கள். கைதவறி உடைந்தால் கதவு யன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்தி, கால் மணித்தியாலம் வெளியே நில்லுங்கள். பிறகு தும்புத்தடியால் கூட்டாமல் மட்டைத் துண்டால் அள்ளி, மிச்சப் பொடியை ஈரத் துணியால் ஒற்றியெடுத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள போத்தலில் அடையுங்கள். அந்தப் போத்தலும் மற்ற டியூப்களோடு சேர்ந்தே போகட்டும்.